அருமையும் உண்மையும்: ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்கள்

பழம்பொருள் சேகரிப்போர் இரு திறத்தினர். பிறரிடம் இல்லாதது தம்மிடம் உண்டென்னும் பெருமைக்காகச் சேர்ப்போர் ஒரு சாரார். பொருளினுள் உறையும் வாழ்வை நாடிச் சேர்ப்போர் மற்றொரு சாரார். புகழ் பெறாத பழந் திரைப்படங்களைத் தேடுவோரிடத்தும் இவ்வேறுபாடு உண்டு.

அமெரிக்காவில் பட் பொட்டிச்சர் இயக்கிய ‘செவன் மென் ஃப்ரம் நவ்’ (1956) என்னும் குதிரைவீரர் படம் நெடுங்காலம் காண்டற்கரியதாயிருந்தது. 2000ஆம் ஆண்டளவிற் செப்பனிடப்பெற்று மீண்டும் திரைக்கு வந்தது. மனைவியின் சாவுக்குக் காரணமான எழுவரைத் தேடி ஒருவன் வறண்ட நிலத்திற் செல்லும் எளிய கதை அது. நிலத்தின் வெறுமையும் பேச்சின் சுருக்கமுமே அதன் உயிர். அருமை அதனைத் தேடச் செய்தது. மண்ணோடு ஒன்றிய உண்மையே அதனைப் பன்முறை காணச் செய்கின்றது.

இவ்வளவுகோல் கொண்டு ஈழத்துத் தமிழ்ப் படங்களை நோக்குதல் தகும். 1962இல் 16 மி.மீ. சுருளில் வந்த ‘சமுதாயம்’ அவற்றுள் முதலாவது. பின்வந்தவற்றுட் சில சென்னைப் படங்களின் நிழலாகவே அமைந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சென்னைப் படங்களையே கண்டு பழகியோர் நிழலை நாடாமை வியப்பன்று. ஆயின், கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972) யாழ்ப்பாண மண்ணையும் பேச்சையும் திரைக்குக் கொணர்ந்தது. செங்கை ஆழியானின் நாவலினின்றும் பிறந்த ‘வாடைக்காற்று’ (1978) கடற்றொழிலாளர் வாழ்வைக் காட்டிற்று.

இவற்றுள் தனித்து நிற்பது ‘பொன்மணி’ (1977). இயக்கியவர் சிங்களவரான தர்மசேன பத்திராஜா. சாதியும் சீதனமும் ஒரு பெண்ணின் வாழ்வை நெரிப்பதே பொருள். படம் பெருவெற்றி பெறவில்லை. மெதுவாகச் செல்கின்றது என்பது அதன்மேற் சுமத்தப்படும் குறை. அக்குறை முற்றும் பொய்யன்று. எனினும், பெண்ணின் விருப்பத்தை எவரும் வினவாத வீட்டில் மௌனமன்றி வேறெது பேசும்? ஆரவார வசனம் அங்கே பொய்யாகியிருக்கும்.

1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது படச்சுருள்கள் பல அழிந்தன. எனவே, எஞ்சிய ஒவ்வொரு பிரதியும் ஒரு காலத்துப் பேச்சுக்கும் தெருவுக்கும் சான்றாகின்றது. அதனைப் பேணுவோர் போற்றற்குரியர். மாணவர் காணத் திரையிடுவோர் அவரினும் உயர்ந்தோர். ஒருவர் பெருமைக்காகப் பெட்டியிற் பூட்டி வைத்த சுருள், காண வேண்டியவர்க்கு, எரிந்த சுருளே.