தோனி எந்த எழுத்து?

ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளில் டிரெய்னியாகச் சேருகிறவர்களுக்கும், லைனிலிருந்து டீம் லீடராக உயர்கிறவர்களுக்கும் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் கலகலப்பான பாடம் ஒன்று உண்டு. மனிதர்களை நான்கு வகையாகப் பிரிக்கும் ‘டிஸ்க்’ பாடம். டி என்றால் அதிகாரம் செலுத்துகிறவர். ஐ என்றால் பேசியே கவர்கிறவர். எஸ் நிதானமானவர். சி கணக்கும் கறாருமாக இருப்பவர். எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்த கையோடு பயிற்சியாளர் கேட்பார்: “தோனி எந்த எழுத்து? கோலி? ரஜினி? கமல்?” அதுவரை தூங்கி வழிந்த வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கூடக் கை தூக்குவார்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இந்த விளையாட்டால் நடக்கும் ஒரு நல்ல காரியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வல்லக்கோட்டை முருகன் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பையன்களில் செய்யாற்றுக்காரரும் இருப்பார், ஒடிசாக்காரரும் இருப்பார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மூன்றாம் ஆள் என்றால் அது தோனிதான். “எங்கள் சூப்பர்வைசர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்” என்று பலர் முன்னால் சொல்ல எந்த டிரெய்னிக்கும் தைரியம் வராது. “கோலி மாதிரி ஒருத்தர்” என்று சொல்ல வரும். பேசாமல் இருப்பவரெல்லாம் திமிர் பிடித்தவர் இல்லை, ஆயிரம் கேள்வி கேட்பவரெல்லாம் வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்ற எண்ணம் ஒரு மதிய நேரத்தில் முப்பது பேர் மனதில் விழுந்தால் லாபம்தான். எதிராளி நம்மைப் போல யோசிக்க வேண்டியதில்லை என்பதைப் பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

சிக்கல் அடுத்த படியில் ஆரம்பிக்கிறது. “தோனி எஸ்” என்று சொல்வது ஓர் அடையாளம். “தோனி எஸ், அதனால்தான் அப்படிச் செய்தார்” என்று சொல்வது விளக்கம். வகுப்பில் முதலாவது எப்போது இரண்டாவதாக மாறியது என்று யாருமே கவனிப்பதில்லை.

2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர். ஐ.பி.எல். ஆட்டத்தில் ராஜஸ்தானுக்கு எதிராகச் சென்னை ஆடுகிறது. கடைசி ஓவரில் நோ-பால் என்று முதலில் காட்டப்பட்ட பந்து, பிறகு இல்லை என்று ஆனது. சற்று முன்புதான் அவுட் ஆகி வெளியே போயிருந்த தோனி மைதானத்துக்குள் நடந்து வந்து நடுவர்களோடு வாக்குவாதம் செய்தார். ஆட்ட ஊதியத்தில் பாதி அபராதம். ‘கேப்டன் கூல்’ என்று பெயர் எடுத்தவர் செய்த காரியம் இது. எழுத்துப் பாடத்தைக் கேட்டால் என்ன சொல்லும்? அழுத்தம் எல்லை மீறும்போது எஸ் வகைக்காரரும் வெடிப்பார் என்று சொல்லும். அமைதியாக இருந்திருந்தால்? எஸ் என்றால் அப்படித்தான் என்று சொல்லியிருக்கும். எது நடந்தாலும் சரியாகவே இருக்கிற ஒரு விளக்கம் எதையும் விளக்கவில்லை. தேர்தல் முடிவு வந்த பிறகு காரணம் சொல்லும் ஜோசியரிடம் நாம் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்கலாம்: என்ன நடந்தால் நீங்கள் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

ஜோசியத்தைச் சும்மா இழுக்கவில்லை. 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். முடிவு என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு குறிப்பைக் கொடுத்து, அது தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் பெரும்பகுதியை அவர் எடுத்தது கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து. “வெளியில் உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில சமயம் தயங்குவார்” என்ற வாக்கியத்தை ரஜினிக்குச் சொல்லிப் பாருங்கள், பொருந்தும். கமலுக்கும் பொருந்தும். கம்பெனி பஸ் டிரைவருக்கும் பொருந்தும்.

நான்கு எழுத்துகளின் பூர்வீகமும் சுவாரசியமானதுதான். வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் சாதாரண மனிதர்களின் உணர்ச்சிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கு வித்து இருக்கிறது. இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முயன்றவர் அவர். 1941-இல் ‘வொண்டர் வுமன்’ என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவரும் அவரே. கேள்வித்தாள் தயாரித்தது அவரில்லை, பின்னால் வந்தவர்கள். இதே போல மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்–பிரிக்ஸ் முறையை உருவாக்கிய தாயும் மகளும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்லர். உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய நூலைப் படித்து வீட்டில் உட்கார்ந்து உருவாக்கினார்கள். பட்டம் இல்லாததால் ஒருவர் சொல்வது தப்பாகிவிடாது என்பதால் இதைப் பெரிய குற்றமாக நான் எடுக்கவில்லை. ஆராய்ச்சி உலகில் கொஞ்சம் உறுதியாக நிற்பது ‘ஐந்து பண்பு’ முறை. அது யாரையும் ஒரு பெட்டிக்குள் அடைக்காது. இந்தப் பண்பு இவரிடம் எவ்வளவு என்று அளவு மட்டும் சொல்லும். அந்த அளவும் பல நாள், பல சூழல்களின் சராசரியைத்தான் காட்டும். ஒரு நாள் ஜெய்ப்பூரில் நடந்ததைச் சொல்லாது.

நட்சத்திரங்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய ஓட்டை, நாம் பார்ப்பது ஆளையே இல்லை என்பது. சினிமாவில் எம்.ஜி.ஆரை அடித்த பாவத்துக்காக எம்.என். நம்பியாரைச் சபித்த பாட்டிகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். நிஜத்தில் நம்பியார் மதுவும் புகையும் தொடாதவர். அரை நூற்றாண்டுக்கு மேல் சபரிமலைக்கு மாலை போட்டுப் பலருக்குக் குருசாமியாக இருந்தவர். பாட்டிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 1967-இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பற்றிய கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஆதரித்து எழுதியவர் ஆதரிக்கச் சொல்லப்பட்டதால்தான் அப்படி எழுதினார் என்று தெரிவித்த பிறகும், ‘இவர் கொஞ்சம் காஸ்ட்ரோ ஆதரவாளர்தான்’ என்றே படித்தவர்கள் எண்ணினார்கள். நடிப்பு என்று தெரிந்தே நம்பியாரை வெறுத்ததும் இதே கதைதான். சூழல் செய்த வேலையை ஆளின் குணமாக எழுதிவிடும் இந்தப் பழக்கத்துக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் ‘அடிப்படைப் பிழை’ என்றே பெயர் வைத்தார்.

சரி, சினிமா நடிப்பு, ரியாலிட்டி ஷோ நிஜம்தானே என்பார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை நோக்கி நெடுஞ்சாலையில் வந்தால் செம்பரம்பாக்கம். அங்கே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டிக்குள் இருக்கிறது பிக் பாஸ் வீடு. உள்ளே ஒரு நாள் 24 மணி நேரம். டி.வி.யில் நாம் பார்ப்பது ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். எதை வைப்பது, எதை வெட்டுவது, எந்த முகத்தின் மேல் எந்த இசையை ஏற்றுவது என்பதை முடிவு செய்பவர் வேறு ஒருவர். 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் முழக்கமிட்டு ஊரே பாராட்டிய செவிலியர் ஜூலி, அதே ஆண்டு முதல் சீசனில் அந்த வீட்டுக்குள் போனார். சில வாரங்களில் அதே ஊர் அவரைத் திட்டித் தீர்த்தது. ஆறேழு மாதத்தில் ஒரு பெண்ணின் ஆளுமை தலைகீழாகிவிடுமா? மாறியது இடமும், உடன் இருந்தவர்களும், கேமராவும், எடிட்டிங்கும். ஆனால் அன்று டீக்கடையிலும் ஹாஸ்டலிலும் பேசப்பட்டது ஜூலியின் குணம் மட்டும்தான். அந்த வீட்டின் விதிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

ரஜினிகாந்த் விஷயத்துக்கு வருகிறேன். என் வாதத்துக்குக் கொஞ்சம் சங்கடம் தருகிற உதாரணம் அவர். “அவர் தயங்குகிற டைப்” என்பது தமிழ்நாடு ஏறத்தாழ ஒருமனதாகத் தந்திருக்கும் தீர்ப்பு. 1996-இல் ஜெயலலிதாவுக்கு எதிராகக் குரல் கொடுத்தார், கட்சி ஆரம்பிக்கவில்லை. 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவது உறுதி என்றார். 2020 டிசம்பர் 3 அன்று ஜனவரியில் கட்சி என்றார். டிசம்பர் 29 அன்று வரவில்லை என்றார். 2021 ஜூலையில் தன் ரஜினி மக்கள் மன்றத்தையே கலைத்தார். கால் நூற்றாண்டு ஒரே திசையில் காட்டும் வரலாறு இருக்கும்போது, குணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்வது வறட்டுப் பிடிவாதம். ஒரு நாள் நிகழ்வை வைத்து எழுத்து கொடுப்பதற்கும், 25 ஆண்டுப் போக்கை வைத்துப் பண்பைச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்த வகைப்பாட்டு மாதிரிகளை நியாயமாகப் பயன்படுத்தினால் இரண்டாவதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். பிரபலங்களின் செய்கைகள் தேதியோடு பதிவாகியிருப்பதால் அவர்களைப் பொறுத்தவரை அது சாத்தியமும்கூட.

அப்படியிருந்தும் அந்தத் தேதிகளுக்கு இடையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 2004 மக்களவைத் தேர்தலில் பா.ம.க.வைத் தோற்கடிக்கச் சொன்னார். அக்கட்சி போட்டியிட்ட 6 தொகுதிகளிலும் வென்றது. தன் வாக்கின் எடை என்ன என்பதை அவர் அன்று தெரிந்துகொண்டிருப்பார். 2020 டிசம்பரில் அவருக்கு வயது 70. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். கொரோனா காலம். ஹைதராபாத் படப்பிடிப்பில் சிலருக்குத் தொற்று உறுதியானது, இரத்த அழுத்த ஏற்ற இறக்கத்தால் அவர் மருத்துவமனையில் சேர வேண்டி வந்தது. வீடு திரும்பிய இரண்டே நாளில், அரசியலுக்கு வரவில்லை என்ற அந்த அறிக்கை. இதே நிலையில் எந்த ‘டி’ வகைக்காரரும் ஊர் ஊராகப் பிரச்சாரத்துக்குக் கிளம்பியிருக்க மாட்டார். குணம் ஒரு பங்கு சொல்கிறது. 2004-இன் பாடமும் 2020-இன் உடல்நிலையும் மீதிப் பங்கைச் சொல்கின்றன. எழுத்து கொடுத்தவுடன் அந்த மீதியைத் தேடும் ஆர்வம் நமக்குப் போய்விடுகிறது. இந்தப் பழக்கத்தின் பெரிய கேடு அதுதான் என்பது என் எண்ணம்.

நம்மிடம் வேறு விதமான கேள்வி ஒன்று ஏற்கெனவே இருந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவற்றால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் காட்டுகிறது. வெகுளிக்குக் காரணம் உறுப்பைச் சிதைப்பது, குடியை நலிவது, அலைக்கழிப்பது, கொலை. கோபக்காரன் யார் என்று அது கேட்கவில்லை, கோபம் எதனால் வந்தது என்று கேட்கிறது. கவிதைக்காகச் செய்த இலக்கணத்தை உளவியலாகத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அதே இயலில் தலைவன் தலைவிக்குப் பத்து ஒப்புமைகளும் சொல்லப்பட்டுள்ளன. ஆளை வகை பார்க்கும் ஆசை நமக்கும் பழையதுதான். ஆனாலும் ஜெய்ப்பூர் மைதானத்துக்குள் தோனி ஏன் நடந்தார் என்பதற்கு ‘எஸ்’ என்ற எழுத்தைவிட ‘அலைக்கழிப்பு’ என்ற காரணம் பக்கத்தில் நிற்கிறது.

தூரத்தில் இருந்தபடி குணம் சொல்வதில் படித்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1964 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘ஃபேக்ட்’ என்ற பத்திரிகை, வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரின் மனநிலை பதவிக்கு ஏற்றதா என்று 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. பதில் அனுப்பிய 2,417 பேரில் 1,189 பேர் அவர் தகுதியற்றவர் என்றார்கள். அவரை நேரில் பரிசோதிக்காமலேயே கேட்டதும் சொன்னதும் நடந்தது. கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குப் போட்டு வென்றார். நேரில் பரிசோதிக்காத பொது மனிதரைப் பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது என்று அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் விதியே எழுதியது.

ரஜினிக்கும் தோனிக்கும் நாம் கொடுக்கும் எழுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வகுப்பின் கடைசி அரை மணி நேரம். நட்சத்திரங்கள் முடிந்ததும் கேள்வித்தாள் கைக்கு வரும், இப்போது எழுத்து டிரெய்னிக்கு. தோனியை ஒரே எழுத்தில் அடக்கலாம் என்று சிரித்துக்கொண்டே கற்றவர்களுக்கு, பக்கத்து லைன்காரரை அப்படி அடக்குவது இயல்பாகவே தோன்றும். “அவன் எஸ், ஒரே ஸ்டேஷனில் போட்டால் பேசாமல் செய்வான்.” “அவள் டி, லீடராக்கினால் தொல்லை.” பேசாமல் இருப்பவர் கான்ட்ராக்டில் இருப்பதால் பேசாமல் இருக்கலாம். தொல்லை என்று பெயர் எடுத்தவர் பஸ் நேரத்தையோ கேன்டீன் சாப்பாட்டையோ பற்றி நியாயமான கேள்வி கேட்டிருக்கலாம். தோனிக்குத் தப்பான எழுத்தைப் போட்டால் அவருக்கு அது தெரியக்கூடப் போவதில்லை. டிரெய்னிக்குப் போட்டால் ஷிப்டும், நிரந்தர வேலையும், அடுத்த ஆண்டுச் சம்பளமும் அதன் பின்னால் போகும்.

பயிற்சியாளர்களுக்கும் எச்.ஆர். அலுவலர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. தோனியையும் கோலியையும் வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஜெய்ப்பூரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பில் வந்த எழுத்தைத் தொழிலாளியின் கோப்பில் ஏற்றாதீர்கள். ஆளெடுப்பதற்குத் தங்கள் கேள்வித்தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் மையர்ஸ்–பிரிக்ஸ் நிறுவனமே சொல்லியிருக்கிறது.