செங்குத்தாய் ஏறும் நட்சத்திரங்கள்
கெடா கரையில் இரவைப் படம்பிடிப்பதும் ரசிப்பதும்

துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளிக்கோடுகள் சுழலும் இரவுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றை எடுக்க ஆசைப்பட்டுக் கெடாவின் கூலிமில் கேமராவை வடக்கே திருப்பினால் ஏமாற்றம்தான். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரி அளவில் இருக்கிறோம். துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். ஒரு செம்பனை வரிசையே அதை மறைத்துவிடும்.

அதற்குப் பதிலாக நமக்கென்று வேறொரு வானம் இருக்கிறது. இங்கே கிழக்கில் நட்சத்திரங்கள் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகின்றன. மேற்கில் அதே போலக் கடலுக்குள் இறங்குகின்றன. மேற்கு பார்த்து, அகலமான லென்ஸ் போட்டு, ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்துச் சேர்த்த படத்தில் நடுவே செங்குத்தான நேர்க்கோடுகள் விழும். வலப்பக்கக் கோடுகள் வடக்கு நோக்கி வளையும், இடப்பக்கக் கோடுகள் தெற்கு நோக்கி வளையும். இந்த வடிவம் ஐரோப்பாவில் எடுத்த படத்தில் இருக்காது. படம் எந்த மண்ணில் எடுத்தது என்பதை வானமே சொல்ல வேண்டும். இரவுப் படங்களை ரசிக்க நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் அதுதான்.

எங்கே போவது?

கூலிம் நகருக்குள் நின்று பயனில்லை. 1996இல் தொடங்கிய ஹை-டெக் பார்க்கின் விளக்குகளும், மேற்கே பினாங்குப் பக்கத்து வெளிச்சமும் சேர்ந்து வானத்தை வெளுக்க வைத்துவிடும். மஹாங், காராங்கான் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தோட்டத்துக்குள் போவதானால் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் வேண்டுமென்றால் சுங்கைப்பட்டாணியைத் தாண்ட வேண்டும். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு கரையில் பந்தாய் மெர்டேகா, எதிர்க்கரையில் மீனவர் ஊரான தஞ்சோங் டாவாய். இன்னும் வடக்கே யான். யான் கரையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை முழுதாகத் தெரியும். வங்கக் கடலைக் கடந்து, அந்நாளில் கடாரம் எனப்பட்ட கெடாவுக்கு வந்த பாய்மரக் கப்பல்களுக்கு அடையாளமாக இருந்த மலை அது. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன.

எப்போது போவது?

சமையலறையில் தொங்கும் நாட்காட்டி போதும். பால்வீதிக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள். நிலவொளியில் கரையை எடுக்கப் பௌர்ணமி. தைப்பூசம் வருவது பெரும்பாலும் கெடாவில் மழை குறைந்த காலத்தில். அன்று விடியுமுன் மேற்கே சாயும் முழுநிலா, யான் பக்கமிருந்து பார்க்கும்போது ஜெராயின் முகத்தில் நேராக விழும்.

பால்வீதியின் அடர்ந்த நடுப்பகுதியைத் தேட ஜாதகத்தில் படித்த பெயர்களே வழிகாட்டும். சிவந்து மின்னும் கேட்டையைப் பிடியுங்கள். அங்கிருந்து தேளின் வால் வளைந்து மூலத்தில் முடியும். மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில்தான் நம் பால்வீதியின் மையம். பிப்ரவரிக் கடைசியில் அது அதிகாலை மூன்றரை வாக்கில் தென்கிழக்கில் தலைகாட்டும். ஐந்தரைக்கு நன்றாக மேலேறி நிற்கும். தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) கிளம்பிய நம் தாத்தா பாட்டிகள் தலைவிளக்கு ஏற்றும் நேரம் அது. செப்டம்பரில் இரவு பதினொரு மணிக்கு அதே பகுதி தென்மேற்கே கடலை நோக்கிச் சாயும். ஆனால் அந்தக் காலத்தில் மேகமும், சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டமும் குறுக்கே நிற்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிப்ரவரி என்பேன்.

கேமராவில் என்ன செய்வது?

முக்காலி கட்டாயம். லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து (எஃப் 2.8 இருந்தால் நல்லது), ஐ.எஸ்.ஓ. 3200 வைத்துத் தொடங்குங்கள். 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை வினாடி திறந்து வைக்கலாம் என்று கிடைக்கும், 24 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய 20 வினாடி. இது முழு அளவு சென்சாருக்கான கணக்கு. இன்றைய கேமராக்கள் நுணுக்கமானவை என்பதால் 15 வினாடியோடு நிறுத்துவது உத்தமம். அதற்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகும்.

ஃபோக்கஸைக் கையால் செய்யுங்கள். திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்பினால் பொரி அளவு வட்டம் சுருங்கிக் கடுகாகும். இன்னும் திருப்பினால் மறுபடி ஊதும். கடுகாக இருக்கும் இடத்தில் நிறுத்திச் சின்ன டேப் ஒட்டிவிடுங்கள். காரின் குளிர்சாதனத்திலிருந்து எடுத்தவுடன் கடற்கரைக் காற்றில் லென்ஸ் பனித்துவிடும். அதனால் போய்ச் சேர்வதற்கு முன்பே குளிரை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவது நல்லது.

கடலை எப்படிச் சேர்ப்பது?

நம் சூரியன் சாய்வாக இறங்குவதில்லை, நேராக மூழ்குகிறது. அதனால் அந்தி நீலம் அரை மணிகூட நிற்காது. முழு இருள் கவிய அஸ்தமனத்துக்குப் பின் ஒரு மணி பத்து நிமிடம் போல ஆகும். கரையின் வடிவத்தை அந்த நீலத்தில் எடுத்துக்கொண்டு, முக்காலியை அசைக்காமல் வானத்துக்காகக் காத்திருங்கள்.

கெடாவின் பெருநிலக் கரை பெரும்பாலும் வெண்மணல் கரை அல்ல, சேற்றுக் கரை. அதைக் குறையாக நினைக்க வேண்டாம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும். நீர் வற்றியதும் சேற்றின் மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் பெரிய நட்சத்திரங்கள் இரண்டாம் முறை தெரியும். அலைநேர அட்டவணையைப் பார்த்துப் போங்கள். சேற்றில் இறங்காமல் கல்கட்டின் மேல் நின்றே எடுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோதோ 1980 முதல் எடுத்துவரும் கடல் படங்களைத் தேடிப் பாருங்கள். பாதி வானம், பாதி நீர், வேறெதுவும் இல்லை. அடிவானக் கோடு ஒன்றே ஒரு படத்தைத் தாங்க முடியும் என்பதை அவை கற்றுத்தரும்.

எடுத்த படத்தை எப்படிப் பார்ப்பது?

கண் காணாத நிறத்தை சென்சார் காணும். ஆகவே பால்வீதியில் லேசான பழுப்பும் இளஞ்சிவப்பும் வருவது பொய்யல்ல. ஊதாவும் நீலமும் கொட்டிக் கிடந்தால் அது கணினியின் கைவரிசை. தெற்கே பினாங்கின் வெளிச்சம் ஆரஞ்சுப் பட்டையாக விழுந்திருந்தால் அழிக்காதீர்கள். அதுவும் இந்த ஊரின் அடையாளம். தொலைவில் மீன்பிடிப் படகின் விளக்கும் அப்படியே இருக்கட்டும்.

பிறகு படத்தை நட்சத்திரம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, எந்த ஊர், எந்தத் திசை, எந்த மாதம் என்று கேளுங்கள். மூன்றில் இரண்டைச் சொல்லிவிட்டால் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டலாம்.