கணக்கில் வராத குத்து

'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் அமேசானில் வெளியானது. கொரோனா காலம். தியேட்டரில் விசிலடித்துப் பார்க்க வேண்டிய படத்தை வீட்டு ஹாலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் கைதட்டிப் பார்த்தோம். பா.ரஞ்சித் எடுத்த படங்களில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். எழுபதுகளின் வடசென்னை, எமர்ஜென்சி, ரங்கன் வாத்தியார், டான்ஸிங் ரோஸ்... ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

அப்புறம் என்னய்யா குறை என்கிறீர்களா? குறை என்று சொல்ல மாட்டேன். ஒரு கணக்கு உதைக்கிறது. பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஐந்தொகை ஞாபகம்தான். வரவு இருந்தால் பற்று எங்கே என்று கை தேடும்.

படத்தில் குத்துச்சண்டை வேண்டாம் என்று மல்லுக்கு நிற்பவர் கபிலனின் அம்மா பாக்கியம். அவர் பயம் நியாயமானது. குத்துச்சண்டை வீரனான புருஷன் ரௌடியாகி, வெட்டுப்பட்டுச் செத்தவர். மகனும் அந்த வழியில் போய்விடக் கூடாது. சரி. ஆனால், மகன் தலையில் விழுகிற குத்துகளைப் பற்றிப் படம் நெடுக யாருக்கும் கவலை இல்லை. கபிலன் விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். எழுந்தால் கைதட்டல். அவ்வளவுதான்.

வயதானவர்களைப் பாருங்கள். ரங்கன் வாத்தியார், பீடி ராயப்பன்... பழைய ஆட்டக்காரர்கள். எல்லோருக்கும் ஞாபகசக்தி பளிச். யாருக்கும் நாக்கு குழறவில்லை, கை நடுங்கவில்லை. கபிலன் ஒரு கட்டத்தில் தள்ளாடுகிறான். அது சாராயத்தால். சாராயத்தை விட்டு, கடற்கரையில் ஓடிப் பயிற்சி எடுத்தால் தெளிந்துவிடுகிறது.

குடிக்காமலே தள்ளாடுகிற குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே கட்டுரை எழுதிவிட்டார். வருஷக்கணக்கில் தலையில் குத்து வாங்கியவர்களுக்கு நடை தடுமாறுகிறது, பேச்சு மந்தமாகிறது, புத்தி மங்குகிறது என்றார். படத்தின் கதை நடப்பது அதற்கு ஐம்பது வருஷம் கழித்து.

படம் கும்பிடுகிற சாமியையே எடுத்துக்கொள்வோம். முகமது அலி. 1980-ன் தொடக்கத்தில் மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். வடசென்னைக்கு அது திருவிழா. அப்போது அலி ஓய்வில் இருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, 'போதும்' என்று சொல்லி, கேட்காததால் 1977-லேயே விலகியிருந்தார்.

அலி நிறுத்தவில்லை. லாரி ஹோம்ஸுடன் மோத ஒப்பந்தம், 80 லட்சம் டாலர். 1980 ஜூலையில் மேயோ கிளினிக்கில் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் இலக்கு கொஞ்சம் தவறுகிறது. ஒற்றைக்காலில் குதிப்பதில் பழைய லாவகம் இல்லை. ஆனாலும், சண்டை போடக் கூடாது என்று அறிக்கை சொல்லவில்லை. நெவாடா மாநிலம் அனுமதி கொடுத்தது. அக்டோபர் 2-ம் தேதி ஹோம்ஸ் பத்து ரவுண்டு குத்தித் தீர்த்தார். 1984-ல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. குத்துகள்தான் காரணமா, எவ்வளவு காரணம் என்று மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அவரை ரிங்கில் ஏற்றியது சரியா என்பதில் என்னய்யா விவாதம்?

வேறு மாதிரி முடிவெடுத்த ஒரு பையனும் உண்டு. அமெரிக்க ஃபுட்பால் நம்ம கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆளோடு ஆள் முட்டி மோதுகிற ஆட்டம். அந்த ஆட்டக்காரர்களின் மூளையிலும் சி.டி.இ. என்ற இந்தச் சிதைவு வருகிறது என்பது, 2002-ல் இறந்த மைக் வெப்ஸ்டரின் மூளையை பிட்ஸ்பர்க்கில் டாக்டர் பென்னட் ஒமாலு ஆராய்ந்தபோது வெளியே வந்தது. வில் ஸ்மித் நடித்து 'கன்கஷன்' என்று 2015-ல் படமாகவும் வந்தது.

அதே 2015 மார்ச்சில் கிறிஸ் போர்லாண்ட் என்ற 24 வயதுப் பையன், சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கு ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு, 'எனக்குப் போதும்' என்று கிளம்பிவிட்டார். பயிற்சியில் தலையில் அடிபட்டதை, அணியில் இடம் போய்விடுமோ என்று வெளியே சொல்லாமல் ஆடியவர். பிறகு உட்கார்ந்து படித்தார், விசாரித்தார், யோசித்தார். ஒப்பந்த முன்பணம் சுமார் 6 லட்சத்து 17 ஆயிரம் டாலர். அதில் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தொகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்த ஆள்!

உடனே போர்லாண்டைத் தூக்கிவைத்து, கபிலனுக்கு அறிவுரை சொல்ல நான் தயாரில்லை. போர்லாண்டிடம் கல்லூரிப் பட்டம் இருந்தது. அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். கபிலன் ரிங்கை விட்டால் துறைமுகத்து மூட்டைதான். மேலே ஏறினால் ஒரு பரம்பரைக்கே மானம். இதை ரஞ்சித் போல யாரும் காட்டியதில்லை. தராசின் ஒரு தட்டில் என்ன இருக்கிறது என்பதை அற்புதமாகக் காட்டிவிட்டார். இன்னொரு தட்டைத்தான் மறைத்துவிட்டார். விலையைத் தெரிந்துகொண்டு ஏறினால் அதற்குப் பேர் துணிச்சல். தெரியாமல் ஏறினால் அவனை யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் ராயபுரம் சமாசாரம், நமக்கென்ன என்று வெம்பாக்கத்துக்காரர் கேட்கலாம். ஆரணி, செய்யாறு பக்கம் பாக்ஸிங் கிடையாது. கபடி இருக்கிறது. பொங்கல் வந்தால் மின்விளக்குப் போட்டு விடியவிடிய ஆடுவார்கள். அப்பா பட்டுத் தறியில் உட்கார்ந்து இடுப்பொடிந்தது போதும், நாம் கபடி ஆடி விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போய்விடலாம் என்று நினைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. அந்தப் பையனுக்கு ஆட்டம்தான் மனு, ஆட்டம்தான் சிபாரிசு.

ஹெல்மெட் இல்லாத ஆட்டம். தலையோடு தலை மோதும், முழங்கால் நெற்றியில் இடிக்கும். பையன் கண் செருகி உட்கார்ந்தால் என்ன செய்கிறோம்? முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணும் இல்லடா, எழுந்திரு" என்கிறோம். எழுந்தால் மைக்கில் 'சிங்கம்' என்கிறோம். 'வெண்ணிலா கபடி குழு' (2009) இந்த உலகத்தை மண்வாசனையோடு காட்டியது. அதிலும் நாயகன் கடைசி ஆட்டத்தில் உயிரை விடுகிறான். நமக்குத் தொண்டை அடைக்கிறது. சினிமாவில் சாவு ஒரே காட்சியில் வந்து முடிந்துவிடும். சாகாமல், நாற்பது வயதில் வீட்டுக்குப் போகிற வழியை மறந்து நிற்கிறவனுக்கு க்ளைமாக்ஸ் கிடையாது. அவன் பெண்டாட்டிதான் தேடிக்கொண்டு வர வேண்டும்.

வைத்திய விதி சுலபமானது. தலையில் அடிபட்டு மயங்கினாலோ, குழம்பினாலோ, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. டாக்டர் பார்த்துச் சொல்கிற வரை அடுத்த ஆட்டமும் இல்லை. வாந்தி, தூக்கக் கலக்கம், விடாத தலைவலி என்றால் நேராக ஆஸ்பத்திரி. முதல் அடி ஆறுவதற்குள் அடுத்தது விழுவதுதான் பெரிய ஆபத்து.

இதை அடிபட்டவனே முடிவு செய்ய முடியாது. "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றுதான் சொல்வான். அவனுக்கு வேலை வேண்டும். அலியே நிறுத்தவில்லை. ஹோம்ஸ் சண்டையில் பத்தாவது ரவுண்டு முடிந்ததும் நிறுத்தியவர் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ. அலியின் மூலையில் இருந்த இன்னொருவர் இன்னும் ஒரு ரவுண்டு கேட்டுக் கெஞ்சினார். டண்டீ அசையவில்லை. நம்ம சினிமாக்காரர்கள் அடுத்த விளையாட்டுப் படத்தில் அப்படி ஒரு வாத்தியாரைக் காட்டினால் போதும். அவர் துண்டை வீசும்போதும் பின்னணி இசை ஒலிக்கட்டும். நமக்குத் துண்டு போடுவது என்றால் பஸ்ஸில் இடம் பிடிப்பது என்றுதானே தெரியும்!

படம் வருகிறபோது வரட்டும். பொங்கல் அதற்கு முன்னால் வந்துவிடும். மைக் செட்டுக்கும் கோப்பைக்கும் வசூல் செய்கிற விழாக் குழுவினர், ரசீதுப் புத்தகத்தில் இன்னொரு செலவும் எழுதிக்கொள்ளலாம். ஆட்டம் முடிகிற வரை மைதான ஓரத்தில் ஒரு வண்டி நிற்கட்டும். யாரை வெளியே உட்கார வைப்பது என்று சொல்ல, இரண்டு அணியையும் சேராத ஒரு பெரியவர் இருக்கட்டும். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே மைக்கில் அறிவித்துவிடுங்கள்.