வசந்தவல்லி அதன்பிறகு என்ன ஆனாள்?

குற்றாலக் குறவஞ்சியை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். முதல் முறை இளங்கலைத் தமிழ் வகுப்பில், பரீட்சைக்காக. சந்த நயம், மலைவளம், திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்துக்காரர் என்கிற உள்ளூர்ப் பெருமை, மதுரை நாயக்க மன்னர் அவருக்கு மானியமாகக் கொடுத்த குறவஞ்சிமேடு. இவ்வளவும் எழுதினால் பதினைந்து மதிப்பெண் நிச்சயம்.

இரண்டாம் முறை படித்தது இருபது ஆண்டுகள் கழித்து, தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடும் பேருந்தில். வியாழக்கிழமைதோறும் நான் கவுன்சிலிங் போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவை. அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, யாருக்கு, எந்தக் காலேஜ்?" என்று கேட்டாள். நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் பொறியியல் கல்லூரி இடம்தான். நான் திருத்தவில்லை. அன்றைக்கு அந்தத் தவறு எனக்கு வசதியாக இருந்தது.

பேருந்தில் படித்தபோது பாட்டின் சந்தம் காதில் விழவில்லை, குறி சொல்லும் காட்சி மட்டுமே கண்ணில் நின்றது. உள்ளம் கலங்கிய ஒரு பெண் முன்பின் அறியாத இன்னொரு பெண்ணின் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டுகிறாள். இதைத்தானே நான் வாரம் தவறாமல் செய்துகொண்டிருந்தேன்?

கதை தெரிந்ததுதான். பந்தாடிக்கொண்டிருக்கும் வசந்தவல்லி, பவனி வரும் குற்றாலநாதரைப் பார்த்து மையல் கொள்கிறாள். நிலவையும் தென்றலையும் பழிக்கிறாள். பாங்கி புத்தி சொல்கிறாள். அந்த அறிவுரைப் பகுதியைப் படிக்கும்போது என் மைனியின் குரல் அப்படியே கேட்டது. அதற்குப் பிறகுதான் குறத்தி சிங்கி வருகிறாள். அவள் வந்ததும் அறிவுரை சொல்லத் தொடங்கவில்லை. நான் யார், எந்த மலை, எங்கெங்கே போய்க் குறி சொல்லி என்னென்ன பரிசு வாங்கினேன் என்று தன்னைப் பற்றி முதலில் சொல்கிறாள். இன்றைய மொழியில் தகுதிச் சான்று. கூலி என்ன என்பதில் மறைப்பில்லை. தரை மெழுகி, விளக்கு வைத்து, அந்த இடத்தைக் குறிக்கென்றே ஒதுக்குகிறாள். பிறகுதான் கையைப் பார்க்கிறாள். இது காய்ச்சலல்ல, ஆசை என்று அவள் சொன்னதும் வசந்தவல்லிக்குக் கோபம் வருகிறது. கன்னியான என்னை இப்படிப் பேசலாமா என்று சீறுகிறாள். சிங்கி எழுந்து போய்விடவில்லை, பதிலுக்குத் திட்டவுமில்லை. அந்தக் கோபத்துக்குப் பிறகும் அங்கேயே இருக்கிறாள்.

இந்தக் கடைசிச் செயலின் அருமை, அது கிடைக்காமல் போன ஒருத்திக்குத்தான் தெரியும். என்னுடைய முதல் கவுன்சிலிங் ஓர் அலுவலகத்தில் நடந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அவர், அவருடைய சித்தப்பா, என் பெரியப்பா. அறைக் கதவு திறந்தே கிடந்தது. அடுத்த குடும்பம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா முதலில் என்னிடம் கேட்ட கேள்வி: "அவருக்குக் கோபம் வர்ற மாதிரி நீ என்னம்மா சொன்ன?" நான் குரல் உயர்த்தினேன். "பாருங்க, இப்படித்தான் பேசுது போல" என்று அவர் பெரியப்பாவிடம் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். "பொறுத்துப் போளா" என்று பெரியப்பா வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, நீதித்துறை நடுவர் இருவரையும் தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்பலாம் என்கிறது. அதற்கான 2006ஆம் ஆண்டு விதிகளில் 13, 14ஆவது விதிகளைப் படித்தால் நம் ஊர்ப் பஞ்சாயத்துப் பழக்கம் அத்தனையும் கவிழ்ந்துவிடும். ஆலோசகர் இரு தரப்புக்கும் உறவினராக இருக்கக் கூடாது. அடித்ததற்குக் காரணம் சொல்லி நியாயப்படுத்துவது ஆலோசனையில் அனுமதிக்கப்படாது, அதைத் தொடங்கும் முன்பே எதிர்த்தரப்புக்குச் சொல்லிவிட வேண்டும். இனி வன்முறையில் ஈடுபட மாட்டேன் என்று அவர் உறுதி தர வேண்டும். என் வழக்கு நடுவரிடம் போகவில்லை, ஆகவே அந்த விதி அந்த மேசையைக் கட்டுப்படுத்தாது என்று ஒருவர் வாதாடலாம். வாதாடட்டும். என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே அந்த விதி தடுக்க நினைத்த கேள்விதான்.

பழியை ஒரு மேசையின் மேல் மட்டும் போட முடியாது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டமே சமரசத்தை ஊக்குவிக்க என்றுதான் பிறந்தது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியபோது பெண்கள் பெற்றது பெரிய ஒன்று. ஆனால் அந்த நிலையங்களின் பெஞ்சுகளிலும் சேர்த்து வைப்பதே வெற்றி என்ற கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கே யாருக்கு ஆலோசனை? பெண்ணுக்கா, திருமணத்துக்கா? இதைக் கேட்காமல் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.

தமிழில் இதற்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பிடித்த சொல். ஆற்றுப்படை என்றால், போய்ப் பரிசில் பெற்று வந்தவர் வழியில் எதிர்ப்பட்டவருக்குப் பாதை சொல்வது. தானும் அந்த வறுமையில் இருந்தவர்தான் வழி சொல்கிறார், மேலே உட்கார்ந்திருப்பவர் அல்ல. ஆற்றுதல் என்பதில் சூடு தணித்தலும் உண்டு. ஈழத்தமிழர்கள் 'உளவளத்துணை' என்கிறார்கள். துணை என்ற சொல் அதில் நன்றாக இருக்கிறது. நம் அலுவலகங்களில் மட்டும் இது 'அட்வைஸ்' ஆகிவிடுகிறது.

குற்றாலம் என்றாலே மனநோய் நினைவுக்கு வருகிற ஒரு காலம் இருந்தது. பேரருவியின் தண்ணீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்று எங்கெங்கிருந்தோ கூட்டி வருவார்கள். சிறுமியாக இருந்தபோது, விடியுமுன் ஒரு பெண்ணைக் கயிறு பிடித்து அருவிக்கு இழுத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். என் ஆச்சியின் தங்கையையும் அப்படித்தான் ஒரு சீசன் முழுக்கக் கொண்டுபோனார்களாம். மூன்று பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்தவள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியில்லாமல் 28 பேர் தீயில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது, நம் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க நமக்கு உரிமை உண்டு என்கிறது. கவுன்சிலிங் என்றதும் என் அம்மா ஏன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் என்பது, அந்தச் சின்ன ஆச்சியின் கதையைக் கேட்ட பிறகே எனக்குப் புரிந்தது. அம்மாவின் மனத்தில் அது பேச்சாக இல்லை, கயிறாகவே இருந்திருக்கிறது.

ஆகவே, உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவதாக நான் போனது தனியாக. கதவு சாத்தியிருந்தது. முதல் பத்து நிமிடம் படிவம்: தூக்கம், பசி, மருந்து, வீட்டில் யார் யார். பிறகு அவர் சொன்னார்: "நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. உங்க உயிருக்கோ, இன்னொருத்தர் உயிருக்கோ, ஒரு குழந்தைக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் சும்மா இருக்க முடியாது. அப்பவும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்." எல்லையை முன்கூட்டியே சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை வர வேண்டியிருக்கும், பிடிக்காவிட்டால் நிறுத்தலாமா என்று நீங்களும் முதல் நாளே கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் மறுமுறை போக வேண்டாம்.

முதல் நாள் நான் பாதி பொய் சொன்னேன். பலரும் அப்படித்தான் என்று பிறகு அவர் சிரித்தபடி சொன்னார். அழுகை வரும் என்று எதிர்பார்த்துப் போனேன், வரவில்லை. அது மூன்றாம் வாரம், பாவூர்சத்திரம் தாண்டும்போது பேருந்தில் வந்தது. ஒரு மாதம் கழித்து முன்னைவிட மோசமாக இருந்தேன். இத்தனை நாள் மரத்துப் போயிருந்தது உணர்வு திரும்பும்போது வலிக்கும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதியில் நிறுத்தலாமா என்று யோசித்திருக்க மாட்டேன். இன்னொன்று, அவர் எனக்கு எதிர்காலம் சொல்லவே இல்லை. "பிரியலாமா, சேர்ந்திருக்கலாமா, நீங்களே சொல்லுங்க மேடம்" என்று ஒரு நாள் கெஞ்சினேன். அவர் பேசாமல் இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த இடத்தில்தான் சிங்கியும் அவரும் பிரிகிறார்கள். சிங்கி பெயரையே சொல்லிவிடுகிறாள். அவள் சொல்லும் பெயர் ஊர்க் கோயிலின் தெய்வத்தினுடையது. வேறு எந்தப் பெயரைச் சொல்லவும் அந்த நூல் அவளை அனுமதிக்காது. விடை முன்பே முடிவான ஆலோசனை அது. தெய்வத்தை எடுத்துவிட்டுக் குடும்பத்தை வைத்துப் பாருங்கள், என் பெரியப்பா கூட்டிப்போன அலுவலகம் தெரியும்.

எனவே சிங்கியை ஆதி ஆலோசகி என்று கொண்டாடிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவள் குரல் ஓர் ஆண் புலவர் எழுதிய குரல். இலக்கியத்தில் குறத்தியைக் கொஞ்சிய சமூகம்தான், குறவர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தபோது வாய் திறக்கவில்லை. 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக்கினார். குற்றாலத்திலேயே வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. இதன் கவிதையைச் சுவைக்கக் கற்றுக்கொடுத்தார். இந்த நூலைப் பற்றி நான் வகுப்பில் கேட்டவை, படித்தவை எல்லாமே ரசனைதான். சிங்கிக்கு நேர்ந்ததைப் பற்றி யாரும் கேட்டதாக நினைவில்லை.

என்ன நேர்ந்தது? குறி சொல்லி, கூலியாக நகை பெற்று வருகிறாள். தேடி வந்த கணவன் சிங்கன், காலில் கிடப்பது என்ன, இது ஏது, அது ஏது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். இன்ன ஊரில் குறி சொல்லிப் பெற்றது என்று அவள் ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்கிறாள். வகுப்பில் இதை நகைச்சுவை என்று நடத்தினார்கள். நாங்களும் சிரித்தோம். என் சம்பள வங்கிப் புத்தகத்தை வரி வரியாக விரல் வைத்துக் கேட்கப்பட்டவள் நான், பேருந்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பெண்களும் சனிக்கிழமைக் கூலியோடு இந்தப் பாட்டைத்தான் வீட்டில் பாடுகிறார்கள், இராகம் மட்டும் இல்லை.

வசந்தவல்லி? குறி முடிந்ததும் நூல் அவளை விட்டுவிடுகிறது. மிச்சப் பக்கங்களில் சிங்கன் பறவை பிடிக்கிறான், நூவனோடு பேசுகிறான், சிங்கியைத் தேடுகிறான். நீ விரும்பியவன் வருவான் என்று கேட்டுவிட்டு எழுந்த பெண் அன்றிரவு தூங்கினாளா என்று கவிராயர் பார்க்கவில்லை. குறியோடு முடிந்தது. ஆலோசனையில் இதற்குத்தான் அடுத்த வியாழக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. ஒன்றிய அரசு 2015 முதல் நடத்தும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு 'சகி' என்று பெயர். நல்ல பெயர்தான். தென்காசி 2019இல் தனி மாவட்டமான பிறகு இத்தகைய சேவைகளுக்குத் திருநெல்வேலிதான் போயாக வேண்டும் என்ற நிலை குறைந்திருக்க வேண்டும். 181க்கும், மனநலத்துக்கான 14416க்கும் வீட்டிலிருந்தே பேசலாம், கட்டணம் கிடையாது. ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள வீட்டில் ஓர் அறை வேண்டுமே. நான் குற்றாலத்துப் பெண்கள் பக்கத்து அருவியில், இரைச்சலுக்கு நடுவே, என் தோழியின் காதில் முதல்முதலாக இதைச் சொன்னேன். வேறு எங்கும் இடமில்லை.

குடும்பத்தோடு உட்காரும் அமர்வு எனக்கு ஒன்றுதான் நடந்தது, அம்மாவோடு. என் சம்மதம் கேட்டார்கள், அம்மாவின் சம்மதத்தைத் தனியாகக் கேட்டார்கள். அவரை அழைக்கும் பேச்சு வந்தபோது, அடி நிற்காதவரை ஒரே அறையில் இருவரையும் உட்கார வைப்பதில்லை என்று ஆலோசகரே சொல்லிவிட்டார். அம்மா ஒரு மணி நேரமும் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கெல்லாம் "ஆமா", "இல்ல" மட்டும். வீண் என்று நினைத்தேன்.

திரும்பும் பேருந்தில் ஆலங்குளம் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை இறக்கிவிட்டு அம்மா கேட்டாள்: "அடுத்த வாரமும் நான் வரணுமாட்டி?"

"ஒனக்கு இஷ்டம்னா வா."

கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள். "நான் தனியா உள்ள போலாமா? அந்தப் பிள்ளைகிட்ட ஒன்னு சொல்லணும். ஒன்னப் பத்தி இல்ல."