தளத்தின் மேற்பூச்சு

விசைப்படகின் தளப்பலகை இற்றுப்போனால் அதைப் பெயர்த்தெறிந்துவிட்டு, கடல்தரப் பிளைவுட்டை அறுத்துப் பொருத்தி, அதன்மேல் கண்ணாடியிழைப் பாயை விரித்து, பாலியெஸ்டர் பிசினை ஊற்றித் தேய்த்துவிட்டால், இனி அந்தத் தளத்துக்கு ஆயுள் பரியந்தம் கேடில்லை என்று சிலாகித்துப் பேசுவது நம் கரைகளில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

இம்முறைக்குச் சில அநுகூலங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தேக்கு எட்டாத விலையில் இருக்கிறது. நல்ல ஆயினி மரம் கிடைப்பது அரிது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்துக்குள் படகைக் கரையேற்றி, பழுது பார்த்து, மறுபடி இறக்கியாக வேண்டியவருக்கு எட்டடிக்கு நாலடிப் பலகையின் சௌகரியம் பெரிது. பாரமும் குறைவு. அவ்வளவே.

பலகையின் தரத்துக்குச் சான்றாக ஐ.எஸ். 710 முத்திரையைக் காட்டுகிறார்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியா என்பது பசையின் பெருமை. அடுக்காக இருப்பது மரந்தானே! மருந்தேற்றிய பலகையேயானாலும், ஈரம் நிரந்தரமாகத் தங்கினால் அழுகல் தள்ளிப்போகுமே தவிர, நீங்கிப்போகாது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்புநீர் அவ்வளவாக ஒவ்வாது. அது விரும்புவது நன்னீர். கடலில் நன்னீர் ஏது என்று கேட்பவர்கள் ஐஸ் அறைக்குள் தலையை நீட்டி அண்ணாந்து பார்க்கட்டும்: அங்கிருந்து எழும் ஈரம் தளத்தின் அடிப்பக்கத்தில் துளித்துளியாகப் படிந்து நிற்கும். மேலே பூச்சு மினுங்குகிறது. அடியில் பலகை பச்சையாகவே கிடக்கிறது. ஐப்பசி மழையோ வின்ச்சின் போல்ட் துளைகள் வழியாகவும், வாள் பட்ட ஓரங்கள் வழியாகவும் இறங்கி, மர இழைகளின் வாயில் நுழைந்து குடிகொள்ளுகிறது. பூச்சு தண்ணீரை உள்ளே விடாது என்று வாதிக்கிறவர்கள், உள்ளே போன தண்ணீரை அது வெளியேயும் விடாது என்பதை ஏனோ வாய்விட்டுச் சொல்வதில்லை. பாலியெஸ்டர் மரத்தை எபாக்சியைப்போல் இறுகப் பற்றுவதுமில்லை. மரம் ஊதிச் சுருங்க, எஞ்சின் அதிர, சில பருவங்களில் பிடி விட்டுப்போகிறது.

அப்படிப்பட்ட தளத்தை விரல் மடக்கித் தட்டினால் சத்தம் பொத்தென்று கேட்கும். பூச்சைக் கீறி உளியை வைத்தால் விரற்கடை ஆழம் தானே இறங்கும். உள்ளிருப்பது நனைந்த அவலாகக் கையோடு வரும். மேலே மட்டும் கண்ணாடிபோன்ற பளபளப்புக்குக் குறைவில்லை. பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடித்த பழைய தளம் ஒழுகிற்று என்று பரிகசிக்கிறார்கள். ஒழுகியதனாலேயே அது தன் நோயை உடனுக்குடன் அறிவித்தது. கெட்ட ஒரு பலகையை மட்டும் கழற்றிப் புதுப்பலகை அடிக்கவும் இடம் கொடுத்தது. புதுத்தளமோ படகின் விலாச்சட்டங்களான வங்குகளுக்கும் அழுகலைப் பரப்பிய பிறகே வாய் திறக்கிறது. நோயை மறைப்பதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை.

பிளைவுட்தான் போடுவதென்றால், பொருத்துவதற்கு முன்பே ஆறு முகங்களுக்கும் எபாக்சி பூசி, ஒவ்வொரு துளையையும் பெரிதாகக் குடைந்து அதே பிசினால் அடைத்து, அதன் நடுவே மறுபடி துளைத்து, அடியில் காற்றோடவும் நீர் வடியவும் வழிவிட்டுச் செய்யவேண்டும். அவ்வளவு பொறுமையில்லாத படகுக்காரர்கள், செலவு கூடினாலும், தேடிப்பிடித்து ஆயினிப் பலகையையே போடட்டும்.