96: மை பட்ட சட்டையும் அப்பாவின் கடனும்

பிரேம்குமாரின் ‘96’ (2018) படத்தை மறுபடி பார்த்தேன். பத்தாம் வகுப்பின் கடைசி நாளில் ஜானு, ராமின் வெள்ளைச் சட்டையில் மை தெளிக்கிறாள். இருபது வருஷத்துக்கு மேல் அதைப் பத்திரமா வச்சிருக்கான். எல்லாரும் உருகின இடம், நானும்தான்.

ஆனா படத்தோட பேரைக் கவனிங்க. 96 என்பது அந்த செட் பிளஸ் டூ முடித்த வருஷம். ராம் அங்கே பிளஸ் டூ படிக்கவே இல்லை. 1994-லேயே அப்பாவின் கடனால் குடும்பம் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பிவிட்டது. ஃபேர்வெல், குரூப் போட்டோ எதிலும் அவனுக்கு இடமில்லை. படமோ கடனைச் சட்டென்று தாண்டிவிட்டு, பிற்பாடு கல்லூரியில் நடந்த ஒரு குழப்பத்துக்கு நம்மை அழவைக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து பார்த்தால் எனக்குக் கடன்தான் கதையாகத் தெரிகிறது. பிழைப்புக்காக ஊர் மாறும் குடும்பங்கள் இங்கே நிறைய. அரசின் இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். பிளஸ் டூ கடைசிப் பரீட்சையன்று மை தெளிக்கிற சட்டை வீட்டுக் காசில் வாங்கினது. தம்பி இருந்தா, அடுத்த வருஷம் அது அவனுக்கு. அந்தச் சட்டையைக் காப்பாத்த ஓரமா ஒதுங்கி நிக்கிற பையனை நம்ம பள்ளிக்கூடப் படங்கள் எப்போ பார்க்கும்?