ஐம்பத்து மூன்றாம் மாடியிற் கலை

யப்பானின் தலைநகராகிய தோக்கியோவில் 2003ஆம் ஆண்டு ஏப்ரிலில் திறக்கப்பட்டது றொப்பொங்கி ஹில்ஸ் என்னும் கட்டடத் தொகுதி. ஏறத்தாழ 11 ஹெக்டயர் நிலம். அலுவலகம், வீடு, கடை, ஹோட்டல், சினிமாக் கொட்டகை, தொலைக்காட்சி நிலையம், நூதனசாலை யாவும் ஒரே வளவுக்குள். நடுவே 54 மாடிகளும் 238 மீற்றர் உயரமும் கொண்ட மோரி கோபுரம். இதனைக் கட்டுவித்த மோரி மினோரு (1934-2012), நகரத்தை வானை நோக்கி அடுக்கினால் நிலத்திலே பசுமைக்கு இடம் மிஞ்சும் என்ற கொள்கையினர்.

இக்கொள்கையை எள்ளி நகையாடிவிட்டு அப்பாற் செல்வது எளிது, நேர்மையாகாது. முன்பு இவ்விடத்தில் மரவீடுகள் நெருங்கி நின்றன; தீயணைக்கும் வண்டி நுழைய முடியாத ஒழுங்கைகள். பூமியதிர்ச்சியும் தீயும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதைத் தோக்கியோ 1923இல் வெந்து அறிந்தது. புதிய தொகுதிக்குச் சொந்த மின்நிலையம் உண்டு. 2011 மார்ச்சிற் கடல்கோள் வடகிழக்கை அழித்தபின், மின்பஞ்சத்தில் வாடிய நகருக்கு இங்கிருந்தே மின்சாரம் வழங்கினர்.

ஆயின், நிலம் கைமாறிய கதையையும் படித்தல் வேண்டும். 400க்கு மேற்பட்ட உரிமையாளரோடு 1986 தொடக்கம் பதினேழாண்டுகள் பேசினர். நிலத்தைக் கொடுத்தவர் புதிய கட்டடத்தில் அதற்கீடான தளப்பரப்பைப் பெறுவது அந்நாட்டுச் சட்டமுறை. பலாத்காரமாக இடித்துத் தள்ளுவதிலும் இது எவ்வளவோ மேல். ஆனால் அங்கே வாடகைக்குக் குடியிருந்தவனிடம் மாற்றிக் கொள்ள என்ன சொத்து இருந்தது? புதிய வீட்டிலும் நீ வாடகைக்கு இருக்கலாம் என்று சட்டம் கூறட்டும். அவ்வீட்டின் வாடகையை எந்தச் சட்டம் கொடுக்கும்? கோபுரத்துக்குக் குடிவந்தவை லீமன் பிறதர்ஸ், கோல்ட்மன் சாக்ஸ் முதலிய நிதி நிறுவனங்களும் லைவ்டோர் போன்ற இணையக் கம்பனிகளும். இங்கு திரண்ட புதுப்பணக்காரருக்கு 'ஹில்ஸ் குலத்தார்' என்றே பட்டம் கிடைத்தது. 2006இல் லைவ்டோர் சட்டத்தின் பிடியிற் சிக்கியது. 2008இல் லீமன் கவிழ்ந்தது. கோபுரம் அசையவில்லை, குடியிருப்போர் பெயர்தான் மாறிற்று.

நம்மை மிகவும் நெருடுவது இங்கே கலை வைக்கப்பட்டிருக்கும் இடம். நூதனசாலை இருப்பது 53ஆம் மாடியில். 2003 ஒக்டோபரில் அது நடத்திய முதற் கண்காட்சியின் பொருள் மகிழ்ச்சி! பெரும்பாலான நாட்களில் இரவு பத்து மணிவரை அது திறந்திருப்பது பாராட்டுக்குரியது. பகலெல்லாம் உழைத்தவனும் போகலாம், நுழைவுச்சீட்டுக்குக் காசிருந்தால்.

கீழே முற்றத்தில் லூயிஸ் பூர்ஷுவாவின் வெண்கலச் சிலந்தி நிற்கிறது. ஏறத்தாழ 10 மீற்றர் உயரம். வயிற்றிலே சலவைக்கல் முட்டைகள். பெயர் 'மமன்', அதாவது அம்மா. பழைய சித்திரத் திரைகளைத் தைத்துச் செப்பனிட்ட தம் தாயை நினைந்து சிற்பி படைத்தது. ஓர் உழைப்பாளித் தாய், கடைக்கு வருவோர் ஒருவரையொருவர் சந்திக்கும் அடையாளமாகிவிட்டாள் என்று முதலில் மனம் கசந்தது. எனினும் அக்கால்களினிடையே சிறுவர் ஓடித் திரிவதைப் பார்த்து நாம் நெடுநேரம் நின்றோம். இதற்குச் சீட்டில்லை, எவரும் தொட்டுப் பார்க்கலாம். மேலே உள்ள படைப்புகளுக்கு இப்பேறு இல்லை. அவை தரமற்றவை என்பதன்று நம் வாதம். நிலத்தின் விலையை உயர்த்தும் அணிகலனாகக் கலையை அமர்த்தியவர், அவ்விலையைக் கேள்விக்குள்ளாக்கும் ஓவியத்தை எவ்வளவு காலம் சுவரில் விட்டுவைப்பர்?

சினிமாக் கொட்டகைக் கட்டடத்தின் கூரையிலே ஒரு சிறு நெல்வயலும் உண்டு. அதில் ஆண்டுதோறும் நாற்று நடுகின்றனர், அறுக்கின்றனர், விழாவாக. அதே நிறுவனம் 2023 நவம்பரில் அசபுதாய் ஹில்ஸ் என்னும் அடுத்த தொகுதியையும் திறந்துவிட்டது. அதன் கோபுரம் 325 மீற்றர்.